இறக்கைகளின் வம்சாவளி

இராவணனைப் பற்றியும் நாம் தொலைத்துவிட்ட பழைய வானூர்திக் கலையைப் பற்றியும் நூலோ ஏடோ கைவசம் இருந்தால் தந்துதவுங்கள் என்று 2020 ஜூலையில் இலங்கையின் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்தது. முந்தைய ஆண்டு கட்டுநாயக்கவில் கூடிய மாநாடொன்று, இந்தத் தீவிலிருந்து பறந்து போய்த் திரும்பிவந்த முதல் மனிதன் இராவணனே என்று முடிவுகட்டியிருந்தது. அதே 2019இல் விண்ணுக்குப் போன இலங்கைப் பொறியியலாளர்களின் சிறு செயற்கைக்கோளுக்கும் 'ராவணா-1' என்றுதான் பெயர் வைத்தார்கள். விளம்பரத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியவர்கள் பலர். பரணில் ஏறி ஏட்டுக்கட்டைத் தேடியவர்களும் இருந்திருப்பார்கள்.

விளம்பரத்தைப் பற்றிய அபிப்பிராயம் எதுவானாலும், அதன் பின்னால் நிற்கும் கேள்வி நியாயமான கேள்விதான். கொழும்பை அடுத்த கல்கிசையில் வாழ்வோருக்கு அதில் கொஞ்சம் கூடுதல் உரிமையும் உண்டு. காலி வீதியில் தெற்கே அடுத்த ஊர் இரத்மலானை. நாட்டின் முதல் விமான நிலையம் அங்கேதான். மொட்டை மாடியில் உடுப்புக் காயப்போடும்போது தலைக்கு மேலே பயிற்சி விமானம் சுற்றுவதை இங்கே யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. போரினால் வடக்குக்கான ஏ-9 பாதை மூடிக் கிடந்த காலத்தில், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வந்து தங்கியிருந்த வடபகுதியார் ஊருக்குப் போக இரத்மலானையிலிருந்து பலாலிக்குத்தான் விமானம் ஏறினார்கள். அந்த இயந்திரத்தை உண்மையில் யார் செய்தது?

பள்ளிக்கூடத்துப் பதில் ரைட் சகோதரர்கள். பிரேசிலில் போய்ச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். அங்கே விமானத்தின் தந்தை அல்பெர்த்தோ சாந்தோஸ் துமோன். பிரான்சில் கிளெமோன் அதெரின் பெயரைச் சொல்பவர்கள் உண்டு. சோவியத் பாடநூல்களில் மொஜாய்ஸ்கி இருந்தார். நியூசிலாந்தில் ரிச்சர்ட் பியர்ஸ் என்ற விவசாயி. அமெரிக்காவுக்குள்ளேயே கனெக்டிகட் மாநிலம் 2013இல் சட்டம் போட்டு கஸ்டாவ் வைட்ஹெட் என்பவருக்கு அந்தப் பெருமையைக் கொடுத்தது. மும்பையில் சிவ்கர் பாபுஜி தல்பதே. இங்கே இராவணன். ஒரு நாட்டுக்கு ஒருவர் என்று பங்கிட்டுக்கொண்டால் வழக்குத் தீர்ந்துவிடும் போலத் தெரிகிறது.

இந்த வழக்குகள் எல்லாவற்றிலும் விவாதம் ஒரே இடத்தில்தான் சுற்றுகிறது: சக்கரம் தரையைவிட்டு எப்போது எழும்பியது, எத்தனை மீற்றர், யார் பார்த்தார்கள். இது தவறான அளவுகோல் என்பது என் எண்ணம். நூறு வருடத்துக்கு முன் ஒரு வயல்வெளியில் ஒரு பொறி முப்பது மீற்றர் துள்ளியதா இல்லையா என்பதை இனி யாராலும் நிரூபிக்க முடியாது. கேட்டுப் பதில் பெறக்கூடிய வேறொரு கேள்வி இருக்கிறது. அடுத்து வந்த விமானம் அதிலிருந்து எதையாவது எடுத்துக்கொண்டதா? எடுத்துக்கொண்டிருந்தால் அந்த மனிதர் வம்சாவளியில் இருக்கிறார். இல்லாவிட்டால் அவர் பறந்தாரா இல்லையா என்பது அவருடைய சொந்தக் கதை.

அந்த வம்சாவளியின் மேல்நுனியில் ஜோர்ஜ் கேலி என்ற ஆங்கிலேயப் பிரபு இருக்கிறார். அவருக்கு முன் இறக்கை கட்டிப் பறக்க நினைத்தவர்கள் பெரும்பாலும் பறவையைப் போலச் சிறகடிக்க முயன்றார்கள். மேலே தூக்கும் வேலையையும் முன்னே தள்ளும் வேலையையும் ஒரே சிறகு செய்ய வேண்டும் என்று நம்பினார்கள். கேலி அந்த இரண்டையும் பிரித்தார். அசையாத இறக்கை தூக்கட்டும், தள்ளுவதற்கு வேறொன்று இருக்கட்டும் என்ற எண்ணத்தை 1799இல் ஒரு சிறு வெள்ளித் தகட்டில் படமாகவே செதுக்கி வைத்தார். வாலும் நடுவுடலும் இறக்கையுமாக இன்றைய விமானத்தின் உருவம் அதில் இருக்கிறது. 1809-10இல் அதைக் கட்டுரைகளாகவும் எழுதினார். முதுமையில், 1853இல், அவர் செய்த எஞ்சினில்லா மிதவை விமானம் ஒரு ஆளைச் சுமந்துகொண்டு யோர்க்ஷயர் பள்ளத்தாக்கைக் கடந்தது. போனவர் அவருடைய வண்டிக்காரர் என்றும், இறங்கியதும் வேலையை விட்டுவிட்டார் என்றும் ஒரு கதை. முதலாளியின் ஆராய்ச்சிக்கு வேலைக்காரனை ஏற்றிவிடும் வழக்கம் அப்போதே இருந்திருக்கிறது!

கேலிக்குப் பின் வந்த பலரைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஹென்சன் 1842இல் நீராவி விமானம் ஒன்றுக்குக் காப்புரிமை எடுத்தார். அவருடைய கூட்டாளி ஸ்ட்ரிங்ஃபெலோ 1848இல் நீராவிப் பொம்மை விமானம் ஒன்றைச் சோதித்தார். டு தாம்பிள் 1874இலும் மொஜாய்ஸ்கி 1884இலும் சரிவுப் பாதையில் உருட்டிவிட்டுத் துள்ள வைத்தார்கள். இந்த வரிசையில் நின்று கவனிக்க வேண்டியவர் அல்போன்ஸ் பெனோ. முறுக்கிய ரப்பர் நாடாவால் பறக்கும் சிறு பொம்மையை 1871இல் பாரிஸில் பறக்கவிட்டார். வால் இறக்கையால் பறப்பைச் சமநிலைப்படுத்துவது எப்படி என்பதை அதில் காட்டினார். ஆதரவு கிடைக்காமல் 1880இல் முப்பது வயதில் தற்கொலை செய்துகொண்டார். ஆனால் 1878இல் அமெரிக்காவில் ஒரு கிறிஸ்தவ மதகுரு, பெனோவின் முறையில் ரப்பரால் சுழன்றெழும் பொம்மை ஒன்றைத் தன் இரு சின்ன மகன்களுக்கு வாங்கிக்கொண்டு போனார். மதகுருவின் பெயர் மில்டன் ரைட். அந்தப் பொம்மையிலிருந்துதான் ஆர்வம் தொடங்கியது என்று மகன்கள் பிற்காலத்தில் சொன்னார்கள்.

இன்னொரு பக்கத்தில், குதிரைவலுவே எல்லாம் என்று நம்பியவர்கள். அதெர் 1890 அக்டோபர் 9ஆம் திகதி வௌவால் சிறகு போன்ற 'எயோல்' விமானத்தில் பாரிஸுக்கு அருகே தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் சுமார் ஐம்பது மீற்றர் போனார். தன் சொந்த வலுவில் தரையைவிட்டு எழுந்த முதல் ஆளேறிய விமானம் அதுவாக இருக்கலாம். ஆனால் திருப்ப வழியில்லை; எங்கே போகிறது என்பதை ஓட்டுநர் தீர்மானிக்கவில்லை. பிரெஞ்சு இராணுவத்தின் பணத்தில் செய்த அடுத்த விமானம் 1897இல் சத்தோரியில் எழும்பவே இல்லை. பிற்காலத்தில் அதிலும் முந்நூறு மீற்றர் பறந்ததாக அவர் சொல்லிக்கொண்டார். 1910இல் வெளியான இராணுவ அறிக்கை அதை மறுத்தது. இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்த ஹைராம் மாக்ஸிம் 1894இல் மூன்றரைத் தொன் எடையுள்ள இராட்சதப் பொறியைத் தண்டவாளத்தில் ஓடவிட்டார். அது எழும்பப் பார்த்தது, மேலே போகாதபடி தடுத்த காவல் தண்டவாளத்தை உடைத்தது, நின்றது. இவ்வளவு காசையும் இரும்பையும் கொட்டியும் அவர்களிடமிருந்து அடுத்தவர் எடுத்துக்கொள்ள எதுவும் இருக்கவில்லை.

ஓட்டோ லிலியந்தாலிடம் இருந்தது. எஞ்சினைப் பற்றிக் கவலைப்படாமல், முதலில் காற்றில் இருக்கப் பழக வேண்டும் என்று குன்றிலிருந்து குதித்தவர் அவர். 1891 முதல் 1896 வரை ஏறக்குறைய இரண்டாயிரம் தடவை மிதந்தார். வளைந்த இறக்கை தரும் தூக்குவிசையை அளந்து அட்டவணையாக வெளியிட்டார். 1896 ஆகஸ்ட் 9ஆம் திகதி காற்று திடீரென்று மாற, விழுந்து முதுகெலும்பு முறிந்து மறுநாள் பேர்லினில் இறந்தார். உடலைச் சாய்த்துத்தான் சமநிலை பிடித்தார்; பெரிய இறக்கைக்கு மனித உடலின் சாய்வு போதாது. அந்தச் சாவுச் செய்தியைப் படித்த பிறகுதான் டேட்டன் நகரத்துச் சைக்கிள் கடைக்காரர்கள் இருவர் மறுபடி பறப்பைப் பற்றிச் சிந்தித்தார்கள்.

சிட்னியில் இருந்த லோரன்ஸ் ஹார்கிரேவையும் சேர்க்காமல் விட முடியாது. பெட்டிப் பட்டம் அவர் செய்தது, 1893இல். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டத் திருவிழா பார்த்தவர்களுக்குப் பெட்டிப் பட்டத்தின் நிதானம் தெரியும். காற்று எப்படி அடித்தாலும் அது தள்ளாடாது. முச்சையைச் சரியாகக் கட்டிவிட்டால் கயிற்றை மரத்தில் கட்டிவிட்டுப் போய்ச் சாப்பிட்டு வரலாம். 1894 நவம்பரில் ஹார்கிரேவ் அப்படிப்பட்ட நான்கு பட்டங்களைக் கோத்துத் தன்னையே சில மீற்றர் உயரம் தூக்கவைத்தார். எதற்கும் காப்புரிமை எடுக்கவில்லை. அறிவு பொதுவில் இருக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். ஐரோப்பாவின் முதல் விமானங்கள் பல அந்தப் பெட்டிப் பட்டத்தின் நேர்ப் பிள்ளைகள்.

இனி ரைட் சகோதரர்கள். இவர்களிடம்தான் கொஞ்சம் தங்க வேண்டும், காரணம் இவர்கள் செய்ததைத்தான் பொதுவாகத் தவறாகச் சொல்கிறோம். எஞ்சின் பூட்டிப் பறந்தார்கள் என்பது கதையின் கடைசிப் பக்கம் மட்டும்.

1899 கோடையில் சகோதரர்களில் ஒருவரான வில்பர் தங்கள் சைக்கிள் கடையில் நின்றபடி சைக்கிள் டியூப் வந்த நீளமான அட்டைப் பெட்டியைக் கையில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். பேச்சினிடையே அதன் இரு முனைகளையும் எதிரெதிர்த் திசையில் முறுக்கினார். பெட்டியின் மேல் பக்கமும் கீழ்ப் பக்கமும் இரட்டை இறக்கையாக அவருக்குத் தெரிந்தன. ஒரு பக்கத்து இறக்கை நுனி காற்றைக் கூடுதலாகவும் மறுபக்கத்து நுனி குறைவாகவும் சந்தித்தால் விமானம் சாயும், சாய்ந்தால் திரும்பும். சைக்கிள் ஓட்டுபவன் வளைவில் சாய்வதை நாள்தோறும் பார்த்தவர்களுக்கு இது விசித்திரமாகப் படவில்லை. கப்பலைப் போலத் தட்டையாகத் திருப்ப வேண்டும் என்று ஐரோப்பியர்கள் நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. அந்த ஆண்டே ஒன்றரை மீற்றர் அகலப் பட்டம் ஒன்றைச் செய்து, நான்கு கயிறுகளால் அதன் இறக்கையை முறுக்கிப் பார்த்தார்கள். முறுக்கியபடி அது சாய்ந்தது.

1900இலும் 1901இலும் கிட்டி ஹோக் மணற்கரையில் மிதவை விமானங்களைப் பறக்கவிட்டபோது ஏமாற்றம். லிலியந்தாலின் அட்டவணைப்படி கிடைக்க வேண்டிய தூக்குவிசையில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைத்தது. இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் இறக்கையைப் பெரிதாக்கியிருப்பார்கள், அல்லது விட்டுவிட்டிருப்பார்கள். இவர்கள் ஏற்கெனவே அச்சாகியிருந்த எண்களைச் சந்தேகித்தார்கள். சந்தேகம் சரி. காற்றழுத்தத்தைக் கணக்கிடப் பெரும்பாலோர் ஜோன் ஸ்மீட்டன் என்ற பதினெட்டாம் நூற்றாண்டுப் பொறியியலாளரின் 0.005 என்ற குணகத்தையே கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்தி வந்தார்கள். ரைட் சகோதரர்களின் கணக்கில் அது 0.0033 அளவுதான் வந்தது. இன்றைய மதிப்பும் அதையொட்டியதே. ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டாக ஒரு பிழையான எண் பல விமானக் கனவுகளின் அடியில் உட்கார்ந்திருந்தது.

அந்த இலையுதிர்காலத்தில் ஆறடி நீள மரப்பெட்டி ஒன்றின் ஒரு முனையில் மின்விசிறி போலொன்றைப் பூட்டிக் காற்றுச் சுரங்கம் செய்தார்கள். உள்ளே நிறுத்திய தராசுகளைப் பழைய இரும்பறுக்கும் வாள் அலகாலும் சைக்கிள் கம்பியாலும் செய்தார்கள். தகரத்தை வெட்டி வளைத்து இருநூறு அளவில் சின்னச் சின்ன இறக்கை மாதிரிகளைச் சோதித்தார்கள். நீளமான ஒடுங்கிய இறக்கை, குட்டையான அகன்ற இறக்கையைவிட மேலானது என்பது அங்கே எண்களாகத் தெரிந்தது. 1902ஆம் ஆண்டு மிதவை விமானம் அந்த எண்களிலிருந்து பிறந்தது. பறக்கும்போது சில சமயம் அது எதிர்த் திசைக்கு இழுத்துக்கொண்டு விழுந்தது. பின்னால் அசையும் சுக்கான் வைக்கலாம் என்றார் மற்றச் சகோதரர் ஓர்வில். அதை இறக்கை முறுக்கும் கயிற்றோடு இணைத்துவிடலாம் என்றார் வில்பர். விமானத்தை மூன்று அச்சிலும் மனிதன் ஆளும் வித்தை அன்றைக்குக் கைக்கு வந்தது. அதில் எஞ்சின் இருக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு கண்டுபிடிப்புக்கு நாள் குறிக்கச் சொன்னால் நான் 1903 டிசம்பர் 17ஐ விட்டுவிட்டு 1902 அக்டோபரைத்தான் குறிப்பேன்.

எஞ்சினைக் கடையின் மெக்கானிக் சார்லி டெய்லர் ஆறு வாரத்தில் செய்தார். பன்னிரண்டு குதிரைவலு, உடல் அலுமினிய வார்ப்பு. சுழல்விசிறிதான் கடினமாக இருந்தது. கப்பல் விசிறிக்கு எழுதிய சூத்திரம் எதுவும் காற்றுக்கு உதவவில்லை. விசிறி என்பது சுற்றிச் சுற்றிப் பறக்கும் இறக்கைதான் என்று பிடித்துக்கொண்டு, தங்கள் காற்றுச் சுரங்க எண்களையே அதற்கும் போட்டார்கள். வந்த விசிறியின் திறன் இன்றைய கணக்கிலும் வியப்பூட்டுகிறது. எஞ்சினிலிருந்து அதற்கு வலு போன வழி சைக்கிளுக்குப் பூட்டுவது போன்ற சங்கிலி. இரண்டு விசிறியும் எதிரெதிராகச் சுற்ற வேண்டும் என்பதால் ஒரு சங்கிலியைக் குறுக்கே மாற்றிப் போட்டார்கள். அவ்வளவு எளிது. மொத்தச் செலவு ஆயிரம் டொலருக்கு உள்ளே. அதே 1903இல் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் செயலாளர் சாமுவேல் லாங்லி இராணுவத்திடம் 50,000 டொலர் வாங்கி, 52 குதிரைவலு எஞ்சின் பூட்டிச் செய்த விமானம் அக்டோபரிலும் டிசம்பரிலும் இரண்டு முறை பொட்டோமாக் ஆற்றில் விழுந்தது. இரண்டாவது விழுந்து ஒன்பது நாள் கழித்து ரைட் விமானம் நான்கு தடவை பறந்தது. முதல் தடவை 12 வினாடி, கடைசித் தடவை 59 வினாடி, 260 மீற்றர்.

அதுவும் ஒரு துள்ளல்தான் என்று சொல்பவர்களுக்கு 1905 பதில் சொல்கிறது. அந்த அக்டோபர் 5ஆம் திகதி வில்பர் டேட்டனுக்கு வெளியே மாட்டுப் புல்வெளி ஒன்றின் மேல் 39 நிமிடம் வட்டமடித்து, எரிபொருள் தீர்ந்த பிறகு இறங்கினார். பெரிய பத்திரிகைகள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. முந்தைய ஆண்டு விமானம் முழு வட்டம் அடித்ததை நேரில் பார்த்து எழுதிய முதல் கட்டுரை தேனீ வளர்ப்போருக்கான இதழ் ஒன்றில் வந்தது. எழுதிய ஏமோஸ் ரூட் தேன்கூட்டு வியாபாரி.

பிறகு நடந்ததுதான் குழப்பத்தின் வேர். காப்புரிமை கைக்கு வந்து வாங்குபவர் கிடைக்கும் வரை விமானத்தை மூடி வைத்தார்கள். 1908 வரை பறக்கவே இல்லை. அந்த இடைவெளியில் 1906 அக்டோபர் 23ஆம் திகதி சாந்தோஸ் துமோன் பாரிஸில் கூட்டத்தின் முன்னால் அறுபது மீற்றர் பறந்தார், நவம்பரில் 220 மீற்றர். ஊரே பார்த்தது. உலகம் பார்த்த முதல் விமானம் அது என்பதில் பிரேசில்காரர் சொல்வது முழு உண்மை. ஆனால் அந்த விமானம், வாலை முன்னால் வைத்த ஹார்கிரேவ் பெட்டிப் பட்டம். அதன் வழியில் பிறகு யாரும் போகவில்லை. அவருடைய உண்மையான பங்கு அதற்குப் பின் செய்த 'டெமுவசெல்' என்ற குட்டி விமானம். வரைபடத்தை யார் கேட்டாலும் இலவசமாகக் கொடுத்தார். காப்புரிமைக்காக நீதிமன்றப் படியேறிக்கொண்டிருந்த ரைட் சகோதரர்களோடு ஒப்பிட்டால் மனம் இவர் பக்கம்தான் சாய்கிறது.

1908 ஆகஸ்ட் 8ஆம் திகதி வில்பர் பிரான்சின் ல மான்ஸ் நகரில் இரண்டு நிமிடத்துக்குள் சாய்ந்து திரும்பி வட்டமடித்து இறங்கினார். அங்கே நின்ற பிரெஞ்சு விமானிகள் தங்களுக்குத் தெரியாதது எது என்பதை அன்று கண்ணால் கண்டார்கள். ஓராண்டுக்குள், 1909 ஜூலை 25ஆம் திகதி, லூயி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். அவருடைய ஒற்றை இறக்கை விமானத்தில் இறக்கை முறுக்கும் ஏற்பாடு ரைட் வழி, எஞ்சின் அன்ஸானி, வடிவமைப்பில் பெரும்பங்கு ரேமோன் சோல்னியே என்ற இளைஞருடையது. முன்னால் எஞ்சின், பின்னால் வால் என்ற ஒழுங்கு அதிலிருந்துதான் உலகமெங்கும் போனது. அதே ஆண்டு செகென் சகோதரர்களின் 'நோம்' சுழல் எஞ்சின் வந்து வலுப் பிரச்சினையையும் ஓரளவு தீர்த்தது. இத்தனை பேர் சேர்ந்தது விமானம்.

நம் பக்கத்துக் கதைக்கு வருவோம். பிளேரியோவின் பறப்பு சென்னையில் ஜியாகோமோ டி'ஏஞ்சலிஸ் என்ற ஐரோப்பியரைப் பிடித்துக்கொண்டது. மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்தியவர். தன் சொந்த வரைபடத்தில் இரட்டை இறக்கை விமானம் ஒன்றை சிம்ப்சன் தொழிற்கூடத்தில் செய்வித்து, 1910 மார்ச்சில் பல்லாவரத்தில் பறக்கவிட்டுப் பார்த்தார். பிறகு தீவுத்திடலில் காசு வாங்கிக்கொண்டு பொதுமக்களுக்கும் காட்டினார். அலகாபாத்தில் 1910 டிசம்பரில் விமானங்கள் பறந்ததும், 1911 பெப்ரவரி 18ஆம் திகதி ஹென்ரி பெக்கே அங்கிருந்து நைனிக்கு உலகின் முதல் உத்தியோகபூர்வ விமானத் தபாலைக் கொண்டுபோனதும் இதற்குப் பிறகு. குதிரை வண்டிக்கும் மோட்டாருக்கும் உடல் கட்டிய தச்சர்களும் கொல்லர்களும் அந்த இறக்கையையும் கட்டியிருக்க வேண்டும். அவர்கள் பெயர் எதுவும் சொல்லப்படுவதில்லை. அந்த விமானத்தைப் பார்த்து இன்னொருவர் இரண்டாவது விமானம் செய்யவில்லை. ஹோட்டல்காரரின் தனிப்பட்ட மோகமாக அது தொடங்கி அப்படியே முடிந்தது. என் அளவுகோலின்படி டி'ஏஞ்சலிஸ் வம்சாவளியில் இல்லை. அதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

தல்பதேயைப் பற்றிச் சொல்வதில் கஷ்டமில்லை. 1895இல் மும்பைச் சௌபாத்திக் கடற்கரையில் ஆளில்லா விமானம் பறக்கவிட்டார் என்பது கதை. வரைபடமோ அளவோ கிடையாது. இதோடு சேர்த்துப் பேசப்படும் 'வைமானிக சாஸ்திரம்' பரத்துவாச முனிவர் பெயரில் உலவினாலும், அது 1918க்கும் 1923க்கும் இடையில் சுப்பராய சாஸ்திரி சொல்லச் சொல்ல எழுதப்பட்டது. 1974இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ஐந்து ஆய்வாளர்கள் அந்த நூலின் விமானங்களை ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டுப் பார்த்து, எதுவும் பறக்காது என்று எழுதினார்கள். கேலி செய்யாமல், எடை, தூக்குவிசை என்று நிதானமாகப் பார்த்த அந்த ஆய்வு எனக்குப் பிடித்தமானது. ஒரு பழைய நூலுக்கு அதைவிட மரியாதை செய்ய முடியாது. நியூசிலாந்துப் பியர்ஸ் தன் முயற்சியைத் தானே அப்படி நிதானமாக எடைபோட்டார். ரைட் சகோதரர்களுக்கே முதலிடம் என்று பத்திரிகைக்குக் கடிதம் எழுதியவர் அவர். அவருக்காக வாதாடுகிறவர்கள்தான் அதை ஒப்புக்கொள்வதில்லை.

இராவணன் விஷயத்தில் கதையே நமக்குச் சாட்சி. புட்பகத்தைச் செய்தவன் விசுவகருமன், வைத்திருந்தவன் குபேரன், இராவணன் அதை அண்ணனிடமிருந்து பறித்துக்கொண்டவன். இதிகாசத்தை வரலாறாகவே எடுத்துக்கொண்டாலும் அவனைக் கண்டுபிடிப்பாளன் என்று பதிவுசெய்ய முடியாது. சிங்களக் கதைகளில் அவன் ஊர்தி மரமயிலாகிறது. நம்மிடமும் ஒரு மயில் உண்டு: சீவக சிந்தாமணியில் சச்சந்தன் தன் நிறைமாதத் தேவி தப்பிப் போகச் செய்வித்த மயிற்பொறி. திருத்தக்கதேவர் அதற்கு ஒரு விசையை வைக்கிறார். வலப்பக்கம் திருகினால் எழும்பும், இடப்பக்கம் திருகினால் இறங்கிக் காலூன்றும். ஓட்டப்போகிறவள் முன்கூட்டியே பயிற்சி எடுக்கிறாள். எழும்புவதோடு இறக்கத்தையும் யோசித்த கவிஞர் அவர். அதெரும் மாக்ஸிமும் மறந்த இடம் அது. ஆனாலும் அது காப்பியம். அதை வைத்து அதிகாரசபை விளம்பரம் கொடுத்தால் திருத்தக்கதேவருக்குத்தான் இழுக்கு.

அமெரிக்காவிலும் அதிகாரபூர்வ வரலாறு சுத்தமாக இருந்ததில்லை. ரைட் காப்புரிமை வழக்கில் சிக்கிய கிளென் கர்ட்டிஸ், 1914இல் லாங்லியின் பழைய விமானத்தை ஸ்மித்சோனியன் சம்மதத்தோடு திருத்தியமைத்துக் கொஞ்சம் பறக்கவைத்தார். திருத்தியதை மறைத்துவிட்டு, பறக்கும் தகுதி முதலில் பெற்றது லாங்லி விமானமே என்று ஸ்மித்சோனியன் எழுதி வைத்தது. கோபித்த ஓர்வில் 1903 விமானத்தை 1928இல் லண்டன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிட்டார். 1942இல் நிறுவனம் தவறை ஒப்புக்கொண்டது. விமானம் 1948இல், ஓர்வில் இறந்த ஆண்டின் முடிவில், வாஷிங்டனுக்கு வந்தது. முந்திப் பறந்த பெருமையை வேறு எந்த விமானத்துக்காவது கொடுத்தால் விமானத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை. வைட்ஹெட் ஆதரவாளர்கள் இன்றும் பிடித்துக்கொள்வது அந்த வரியைத்தான். ஆதாரம் நம் பக்கம் இருக்கும்போதே பூட்டும் போட்டு வைத்தால் சந்தேகம் வரத்தானே செய்யும்?

மறுபடி நம் தீவுக்கு வருவோம். கொழும்புக்கு 1911இல் வந்த முதல் விமானம் ஒரு பிளேரியோ. 1912இன் கடைசியில் மார்க் பூர்ப், ஜோர்ஜ் வெர்மிங்க் என்ற பிரெஞ்சுக்காரர்கள் இங்கே பறந்து காட்டினார்கள். அதற்கப்புறம் நெடுங்காலம் விமானத்தளம் இல்லை. அரசாங்க சபை 1934இல் இரத்மலானையைத் தீர்மானித்து, 1935 நவம்பர் 27ஆம் திகதி முதல் விமானம் அங்கே இறங்கியது. ஓட்டிவந்தவர் சென்னைப் பறப்புக் கழகத்தின் தலைமைப் பயிற்சியாளர் டின்டேல் பிஸ்கோ; விமானம் டி ஹாவிலண்ட் 'புஸ் மொத்'.

அந்தப் புஸ் மொத்தின் பரம்பரையை முழுதாகச் சொல்லலாம். ஜெஃப்ரி டி ஹாவிலண்ட் 1909இல் தாத்தாவிடம் வாங்கிய ஆயிரம் பவுணில் செய்த முதல் விமானம் உடைந்தது. இரண்டாவது 1910 செப்டெம்பரில் பறந்தது. அவருடைய நிறுவனத்தின் மொத் வரிசைக்கு எஞ்சின் தேடியபோது, ஃபிராங்க் ஹால்ஃபோர்ட், முதல் உலகப்போரில் மிஞ்சிய ரெனோ வழிவந்த எட்டு சிலிண்டர் எஞ்சினைப் பாதியாக்கி நான்கு சிலிண்டரில் ஒன்றைச் செய்தார். அதற்கு அடுத்த தலைமுறையான 'ஜிப்ஸி'யைத் தலைகீழாகத் திருப்பிப் புஸ் மொத்தில் வைத்தார்கள். 1930க்குப் பின் சில ஆண்டுகளில் புஸ் மொத்கள் காற்றுக் கொந்தளிப்பில் இறக்கை முறிந்து அடுத்தடுத்து விழுந்தன, பலர் செத்தார்கள். விசாரணையில், இறக்கையைத் தாங்கும் முன்கோல் அதிர்ந்து வளைவது தெரியவந்தது. அந்தக் கோலை இறுக்கிப் பிடிக்க ஒரு சிறு துணைக்கோலைச் சேர்த்த பிறகு முறிவது நின்றது.